முன்கூட்டியே சொல்லிவிட்டோம், பிறகு ஏன் அபராதம்? இங்கிலாந்துப் பள்ளி விடுப்பில் பெற்றோர் செய்யும் தவறுகள்

விடுமுறைக்காகப் பள்ளி மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே புறப்பட்டால் விமான டிக்கெட் மலிவு. வகுப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் கவுன்சிலின் அபராதக் கடிதம். சொன்னது வேறு, அனுமதி பெற்றது வேறு என்பது அப்போதுதான் உறைக்கிறது. விடுப்பைத் தலைமையாசிரியர்தான் அனுமதிக்க வேண்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். சுற்றுலாவோ டிக்கெட் விலையோ அந்தக் கணக்கில் சேராது.

கணக்குப் போடுவதிலும் சறுக்குகிறார்கள். காலை, மாலை என வருகைப் பதிவு இரண்டு முறை எடுக்கப்படுவதால் எண்ணப்படுவது அரைநாள்கள். 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியின்றி 10 அரைநாள்கள், அதாவது 5 நாள்கள், பள்ளிக்கு வராவிட்டால் அபராதம் பரிசீலிக்கப்படும். பதிவேடு மூடிய பிறகு தக்க காரணமின்றி வந்தால் அதுவும் ஓர் அரைநாள்தான். ஜூலையில் மூன்று நாள், செப்டம்பரில் இரண்டு நாள் என்று பிரித்துப் போட்டாலும் தப்ப முடியாது: விடுமுறை வாரங்கள் கணக்கில் வராததால் இரண்டும் சேர்த்தே எண்ணப்படும்.

அபராதம் குடும்பத்துக்கு ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக விதிக்கலாம். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் 160. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்டு, தாமதித்தால் 640. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது எங்கே போனது? மூன்றாண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை என்றால் நேராக 160. மூன்றாவது முறைக்கு அபராதக் கடிதமே கிடையாது, வழக்கு உள்ளிட்ட வேறு நடவடிக்கைதான். நீதிமன்றம் 2,500 பவுண்டு வரை விதிக்கலாம்.

“என் மகள் மற்ற நாள்களில் ஒழுங்காகப் போகிறாளே” என்ற வாதம் ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் 2015 ஏப்ரலில் பள்ளி மறுத்தும் மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். அவளுடைய வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருந்தும், பள்ளி வகுத்த விதிப்படி வர வேண்டும் என்று 2017-இல் தீர்ப்பானது.

காய்ச்சல் என்று பொய் சொல்வது மோசமான யோசனை. கடற்கரையில் மணல்வீடு கட்டிய கதையைப் பிள்ளையே வகுப்பில் சொல்லிவிடும். உண்மையான நோய் என்றால் முதல் நாளே பள்ளிக்குத் தெரிவியுங்கள். அது அனுமதிக்கப்பட்ட விடுப்பு.

பிள்ளை பள்ளிக்குப் போகவே அஞ்சினால் விஷயம் வேறு. கொடுமைப்படுத்தலோ பதற்றமோ இருப்பதை மறைக்காமல் எழுத்தில் தெரிவித்துச் சந்திப்புக் கேளுங்கள். அபராதம் பற்றி யோசிக்கும் முன் உதவியால் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கும்படியே அரசின் வழிகாட்டுதல் பள்ளிகளிடம் சொல்கிறது.