கார்த்திகைப்பூ: வேலியோரத்திலும் சாடியிலும் வளர்க்கும் முறை

இரண்டு மாரி எங்கள் வீட்டில் கார்த்திகைப்பூ முளைக்கவே இல்லை. மூன்றாம் மாரியில்தான் வேலி நிறையப் பூத்தது. பிழை எங்கே நடந்தது என்று இப்போது தெரிவதால் எழுதுகிறேன்.

ஆவணிக் கடைசியில் கிழங்கு கையில் இருக்க வேண்டும். வேலியில் இந்தக் கொடி படர்கிற வீடுகளில் கேளுங்கள், தருவார்கள். விதையும் முளைக்கும், ஆனால் பூவைப் பார்க்க 3, 4 வருடமாகும்.

கிழங்கு கலப்பைபோல இரண்டு கையாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால்தான். ஒவ்வொரு கைக்கும் ஒரே ஒரு முளை, அதுவும் நுனியில். நுனி உடைந்தால் அந்தக் கை வீண். முதல் வருடம் நான் இராசவள்ளிக்கிழங்கை வெட்டி நடுவதுபோலத் துண்டு துண்டாக வெட்டி நட்டேன். முளை இருந்த துண்டுகளும் வெட்டுவாயில் அழுகிப்போயின. அடுத்த வருடம் வெட்டவில்லை. ஆனால் மண்வெட்டியால் கிண்டி எடுத்ததில் நுனிகள் முறிந்திருந்தன. பார்வைக்கு நல்ல கிழங்கு, மார்கழி வரை நம்பித் தண்ணீர் ஊற்றினேன். ஆகவே இதற்கு மண்வெட்டியே வேண்டாம். கையுறை போட்டு, கையால் மண்ணை விலக்கி எடுங்கள். இரண்டாக்க விரும்பினால் வளைவில் மட்டும் முறித்து, முறிந்த இடத்தில் சாம்பல் தடவி ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள்.

கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே 2 அங்குலம் மண் போட்டால் போதும். வேலியோரச் செம்பாட்டு மண்ணில் மக்கிய மாட்டெரு கலந்தாலே சரி. சாடிக்குச் செம்பாட்டு மண், மணல், எரு மூன்றும் சம அளவு. 12 அங்குல மண்சாடிதான் வாங்குங்கள். பிளாஸ்டிக் சாடியில் மாரி நேரம் ஈரம் வற்றாமல் கிழங்கு அழுகும். அடித்துளையின்மேல் ஒரு ஓட்டுத்துண்டு வையுங்கள்.

கொடி ஏற ஏதாவது வேண்டும். இதன் இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், தடித்த கம்பை அதனால் பிடிக்க முடியாது. கிளுவைச் சுள்ளியைவிட நல்லது எதுவும் இல்லை.

அப்புறம் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்று நிறமும் நிற்கும் கார்த்திகைக் காலையைப் பார்த்தால் இவ்வளவு பாடும் மறந்துபோகும்.

தை, மாசியில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று எண்ணித் தண்ணீர் ஊற்றாதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. சாடியை நனையாத தாழ்வாரத்தில் அடுத்த ஆவணி வரை அப்படியே விடுங்கள்.

கிழங்கை வெளியே எடுத்தால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். செடி முழுவதும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் மிக அதிகம். அவித்தாலும் போகாது. வத்தாளங்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பெயர் எழுதிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒரு அக்கா எமரில்லிஸையும் இப்படியே புதைத்து, அது அழுகிவிட்டதென்று எழுதியிருந்தார். அது வெங்காயம் போன்ற குமிழ். கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரிய நட வேண்டும். மழை லில்லிக் குமிழை 2 அங்குலம் புதைக்கலாம். அகலமான சாடியில் பத்துக் குமிழை நெருக்கி வையுங்கள், நல்ல மழை பெய்த சில நாட்களில் கூட்டமாகப் பூக்கும்.