டிஎஸ்எல்-ஐ மாத்தணும், ஆனா பழைய ஃபைல் உடையக்கூடாது: ஆரம்பநிலை செய்முறை

டிஎஸ்எல்னா ஒரே வேலைக்குன்னு செஞ்ச குட்டி மொழி, டேட்டாபேஸ்ல தகவல் தேட உதவற எஸ்க்யூஎல் மாதிரி. புதுசா ஒண்ணு செய்யறது பெரிய கஷ்டமில்ல, நாலு பேர் அதுல ஃபைல் எழுத ஆரம்பிச்சப்புறம் மொழிய மாத்தணும்னு வரும் பாருங்க, அங்கதான் ஆட்டமே. எக்லிப்ஸ்ல (கோட் எழுதற மென்பொருள்) எக்ஸ்டெக்ஸ்ட் (டிஎஸ்எல் செய்யற டூல்) போட்டு வச்சிருக்கீங்கன்னு வச்சுக்கிட்டு போறேன்.

ஸ்டெப் 1: ஈகோர் ஃபைல்ல மெட்டாமாடல் வரைங்க, அதாவது உங்க மொழில என்னென்ன பொருள் இருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ள என்ன இருக்குங்கற வரைபடம். டிராஃபிக் சிக்னல்னு எடுத்துக்குவோம்: 'சிக்னல்', அதுக்குள்ள பல 'நிலை', ஒவ்வொண்ணுக்கும் பேரு, நேரம். எடிட்டர், கோட் ஜெனரேட்டர் எல்லாமே இத நம்பித்தான் ஓடும்.

ஸ்டெப் 2: அத இம்போர்ட் பண்ணி இலக்கணம் எழுதுங்க. இப்படி ஒரு வரி வரணும்:

நிலை சிவப்பு நேரம் 30

கீவேர்ட் தமிழ்ல இருந்தா பிரச்சனையில்ல, ஆனா 'சிவப்பு'ங்கற பேர ஏத்துக்காது, ஏன்னா எக்ஸ்டெக்ஸ்ட் கூடவே வர்ற ஐடி ரூல்ல (பேர் எப்படி இருக்கலாம்னு சொல்ற விதி) ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் இருக்கு. அந்த ரூல நீங்களே மாத்தி எழுதணும், கால் கொம்பு புள்ளி எல்லாத்தையும் சேத்து.

ஸ்டெப் 3: மாத்தறதுக்கு முன்னாடி, அது எந்த வகைன்னு பாருங்க. ஆப்ஷனலா ஒரு குறிப்பு சேத்தா எதுவும் உடையாது. 'நேரம்'ங்கறத 'விநாடி'ன்னு மாத்தினா உடையும், ஆனா ஸ்கிரிப்டே சரிபண்ணிடும். 'அடுத்த நிலை' கட்டாயம்னு சொல்லிட்டீங்கன்னா? பழைய ஃபைல்ல அந்தத் தகவலே இல்லையே, மனுஷன் உக்காந்துதான் நிரப்பணும்.

ஸ்டெப் 4: பேர் மாத்தறதுக்கு என் சாய்ஸ், இலக்கணத்துல ரெண்டு கீவேர்டையும் ஏத்துக்கறது. பழசுக்கு வேலிடேட்டர்ல (ஃபைல்ல தப்பு பாக்கற பகுதி) ஒரு வார்னிங், கூடவே ஒரே க்ளிக்ல சரிபண்ற குயிக்ஃபிக்ஸ். சோம்பேறி வழிதான், ஆனா யாரும் திட்டமாட்டாங்க.

ஸ்டெப் 5: பெரிய மாத்தம்னா எப்சிலான் ஃப்ளாக், பழைய மாடல புதுசுக்கு மாத்தற மொழி. பழைய மெட்டாமாடல், புது மெட்டாமாடல் ரெண்டையும் குடுத்தா பொருந்தறத அதுவே காப்பி பண்ணிக்கும், மாறினதுக்கு மட்டும் நீங்க ரூல் எழுதினா போதும். மறக்காம புது மெட்டாமாடலோட என்எஸ் யூஆர்ஐ (அதோட தனி அடையாள முகவரி) கடைசில 1-ஐ 2 ஆக்குங்க, ரெண்டுக்கும் ஒரே யூஆர்ஐ இருந்தா மெட்டாமாடல் பட்டியலான ரெஜிஸ்ட்ரில ஒண்ணு இன்னொண்ண அழிச்சிரும். பழைய மொழியோட பிளக்இன்னையும் டெலீட் பண்ணிடாதீங்க, பழைய ஃபைல படிக்க அதுதான் வேணும்.

ஓட்டறதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாத்தையும் கிட்ல (பழைய பதிப்ப சேத்து வைக்கற டூல்) கமிட் பண்ணிருங்க. ஃபைல் மாடலா மாறும்போது அதுல எழுதின கமெண்ட் கூடவே வராது, புது ஃபைல்ல கமெண்ட் எல்லாம் காணாமப் போயிருக்கும், அத டிஃப் (பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) பாத்து கையாலதான் திரும்ப ஒட்டணும்.