கூத்துப் பாட்டு பழகும் கல்லூரிப் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

கோடை வந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனன் போரில் விழுவதை நடத்திக் காட்டும் படுகளம் என்று பல ஊர்களில் 18 நாள் நடக்கும். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் கல்லூரிக்குப் போன பிறகு கூத்துப் பாட்டு பழக ஆசைப்படுகிறார்கள். கலைவிழாவுக்காகத் தொடங்குகிறவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் வேஷத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பழகுகிறார்கள். முக்கால்வாசித் தப்பு அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் செல்போன். ஒரு ராத்திரிக் கூத்தை யூடியூபில் போட்டு, பிடித்த பாட்டை மட்டும் வெட்டியெடுத்து, இயர்போனில் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அது விடியற்காலை மூன்று மணிக்குப் பாடியதாக இருக்கலாம். அந்த நேரத்தில் பாடியவர் குரல் கம்மிப்போயிருக்கும், ஒலிபெருக்கி வேறு இரைந்திருக்கும். அந்தக் கரகரப்புதான் கூத்துக் குரல் என்று நினைத்து, நன்றாக இருக்கும் தொண்டையை நெரித்துக் கரகரப்பாக்குகிறார்கள். வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கட்டை, அதாவது பாடும் சுருதி. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று எடுப்பாகப் பாடி வளர்ந்த கலை இது. கூத்து வாத்தியார் நிற்கும் கட்டைக்கு அவர் குரல் வருஷக்கணக்கில் பதப்பட்டிருக்கிறது. முதல் மாதமே அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தால் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை இறுகும், சொல் தேயும். ஒரு கட்டை, இரண்டு கட்டை இறக்கிப் பழகுங்கள். பிறகு அரைக் கட்டையாக ஏற்றிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளுக்கு ஆண்கள் பாடும் கட்டை சில பாட்டில் மேலேயும் எட்டாது, கீழேயும் இறங்காது. ஆர்மோனியக்காரரிடம் கூச்சப்படாமல் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

விருத்தத்தையும் தருவையும் ஒரே மாதிரி பாடுவது இன்னொன்று. விருத்தத்துக்குத் தாளக் கட்டு கிடையாது, சொல்லின் போக்கில் நிறுத்தி விரித்துப் பாடலாம். தரு என்பது கூத்தில் வரும் தாளக்கட்டுள்ள பாட்டு, தாளத்தில்தான் போகும். விருத்தம் முடிந்து மிருதங்கம் சேரும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் வீட்டில் அந்த இடத்தைத் தாளமில்லாமல் பழகியிருக்கிறார்கள். கையில் ஜால்ராவை எடுங்கள். இல்லையென்றால் தொடையில் தட்டுங்கள்.

அதைவிட முக்கியம் பின்பாட்டு. நீங்கள் ஒரு அடி பாடினால் பின்னால் இருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். மூச்சு வாங்குவது, அடவு என்கிற ஆட்ட அடி போடுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான். தனியாகப் பழகுகிறவர் அடுத்தடுத்து அடிகளைப் பாடிக்கொண்டே போகிறார். மேடையில் பின்பாட்டுக்காரர்கள் எடுக்கும்போது இவரும் பாடுகிறார், அப்புறம் மூச்சு நிற்பதில்லை. இரண்டு நண்பர்களைப் பிடித்துத் திருப்பிப் பாட வைத்துப் பழகுங்கள்.

உட்கார்ந்தே பழகுவதும் கூடாது. அர்ச்சுனன் தபசு கூத்தில் வேஷக்காரர் தபசு மரத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டே பாடுகிறார். தலையில் கிரீடம், தோளிலும் மார்பிலும் மரக்கட்டை அணிகள், காலில் சலங்கை. விடுதி மாடிப்படியில் மெதுவாக ஏறிக்கொண்டு பாடிப் பாருங்கள், மூச்சு எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும்.

கூத்துப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ‘ராகம் முகாரி, தாளம் ஆதி’ என்று போட்டிருக்கும். உடனே கர்நாடகக் கச்சேரிப் பதிவைத் தேடி அந்த முகாரியைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். கூத்து ஆடும் களரியில் அந்தப் பாட்டுக்கு வழிவழியாக வந்த மெட்டு வேறு மாதிரி இருக்கலாம். வாத்தியார் வாயிலிருந்து வருவதுதான் கணக்கு.

சொல் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் உச்சரிப்புக்குப் பயந்து பயந்து சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழே பேசுகிற நாம்தான் அசட்டையாக ழகரத்தை விழுங்குகிறோம். ‘வில்லெடுத்து’ என்பதை ‘வில்லெ’ என்று பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குகிறவர்களும் நாம்தான். பொருள் தெரியாமல் பாடுவதால் வரும் வினை. பல இடங்களில் பாட்டில் வந்த சங்கதியையே அடுத்து வரும் வசனம் விளக்கிச் சொல்லும். அதை முதலில் உரக்கப் பேசிப் பழகிவிட்டுப் பாட்டுக்கு வாருங்கள்.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், சரி. ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது, முதல் நாள் கபடி மேட்சில் கத்தாமல் இருப்பது, பாடுவதற்கு முன் வாயை மூடி மெல்ல முனகிக் குரலைத் தயார் செய்வது, இவைதான் உதவும். குரல் கம்மினால் ஓய்வு கொடுங்கள். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. 3 வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, ஐந்து நிமிடப் போட்டிக்கு ஒரே ஒரு பாட்டு மட்டும் போதும் என்று வாத்தியாரிடம் போய் நிற்காதீர்கள். அவர் பெரும்பாலும் பின்பாட்டில் நிற்கச் சொல்வார். சிலருக்கு அது அவமானமாகப் படுகிறது. ஒரு ராத்திரி முழுக்க ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று திருப்பிப் பாடினால் எத்தனை மெட்டு காதில் ஏறும் என்று யோசியுங்கள். சீசன் முடிந்த மாதங்களில் போனால் உட்கார வைத்துச் சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்கும், சீசனில் களரியில்தான் பாடம். ஏப்ரலில் செமஸ்டர் பரீட்சையும் வரும், தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.