கிரப் எந்த பார்ட்டிஷனைத் தேடுகிறது? டிஸ்க் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி சர்வீஸ் கடைகளுக்குப் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடும் வேலை நிறைய வருகிறது. டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (டிஸ்க் பொருத்தும் சட்டம்) வைத்துப் பழைய ஹார்ட் டிஸ்கைச் செருகிவிட்டு, உள்ளே எஸ்எஸ்டியை மாட்டுகிறார்கள். உள்ளே இருப்பது லினக்ஸ் என்றால், அதை எழுப்பும் கிரப் என்ற பூட்லோடர் விஷயத்தில் வேலை பழகும் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அதே தவறுகளைச் செய்கிறார்கள். கேபிள் லூசானது, பூட் வரிசை மாற்றாதது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம்.

கிரப் தேடும் வழி

யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய முறை) மெஷினில், போர்டில் பதிந்த பூட் என்ட்ரி, பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனைக் காட்டும். உபுண்டுவில் அங்கே 3 வரி கொண்ட சிறிய கிரப் கான்ஃபிக் ஃபைல் இருக்கும். முதல் வரி ஒரு யூயூஐடியை (பார்ட்டிஷனில் உள்ள ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) தேடச் சொல்லும். இரண்டாவது வரி அதில் கிரப் ஃபோல்டர் எங்கே என்று சொல்லும். மூன்றாவது வரி அங்குள்ள முழு கான்ஃபிக்கைத் திறக்கும். பழைய பயாஸில், 512 பைட் முதல் செக்டர், கிரப்பின் மையப் பகுதியான கோர் இமேஜை அழைக்கும். ஜிபிடி (புதிய வகை பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க் என்றால் அந்த இமேஜுக்கென்று 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன் தனியாக வேண்டும்.

குளோன் செய்து இரண்டு டிஸ்கையும் விட்டுவைப்பது

இதுதான் பெரிய தவறு. டிடி கட்டளையால் குளோன் செய்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகும். ஒரே யூயூஐடி இரண்டு டிஸ்கில் இருந்தால், கிரப் முதலில் கிடைத்ததோடு தேடலை நிறுத்திவிடும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுந்தபின் ரூட்டையும் (சிஸ்டம் ஃபைல்கள் உள்ள முதன்மைப் பார்ட்டிஷன்) அதே யூயூஐடியை வைத்துத்தான் தேடும். அப்போது எந்த டிஸ்க் கிடைக்கும் என்பது பூட்டுக்கு பூட்டு மாறலாம். கெர்னல் ஒரு டிஸ்கிலிருந்தும் ரூட் இன்னொன்றிலிருந்தும் வரலாம்.

அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடும். அப்டேட் வந்தபின் யூநேம் -ஆர் கட்டளை பழைய கெர்னலையே காட்டும். அந்தக் கெர்னலின் மாட்யூல் (டிரைவர்) ஃபோல்டர் ரூட்டில் நீங்கியிருந்தால் வைஃபையும் போகும். "வைஃபை வரலண்ணா" என்று கஸ்டமர் திரும்பி வருவார். பையன் டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பான்.

இன்னும் மோசம், நேற்று சேமித்த ஃபைல் இன்று காணாமல் போவது. அது அழியவில்லை, மற்ற டிஸ்கில் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டிக் கணக்கு இப்படி இரண்டு டிஸ்கிலும் பிரிந்து கிடந்தது. "பழைய டிஸ்க்தானே" என்று ஃபார்மேட் அடித்தார்கள். பாதி சீசன் கணக்கு போய்விட்டது. ஃபைல் காணோம் என்று யாராவது சொன்னால், இரண்டு டிஸ்கையும் பார்க்காமல் ஃபார்மேட் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

சரியான முறை: குளோன் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் பூட் செய்து பாருங்கள். பிறகு பழைய டிஸ்கை மீண்டும் மாட்டி, லைவ் பென்டிரைவில் ஏறி, அந்தப் பழைய டிஸ்கின் யூயூஐடியை மாற்றுங்கள். எஸ்எஸ்டியில் மாற்றினால் எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்), கிரப் கான்ஃபிக் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால், மவுண்ட் செய்யாத நிலையில் இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டி, டியூன்2எஃப்எஸ்ஸுக்குப் பெரிய எழுத்து யூவும் ரேண்டமும் கொடுங்கள். ஸ்வாப்புக்கு ஸ்வாப்லேபிள். ஜிபிடி அடையாளங்களுக்கு எஸ்ஜிடிஸ்க், பெரிய எழுத்து ஜி. பிடிஆர்எஃப்எஸ் என்றால் இரண்டு நகலையும் ஒன்றாக மாட்டி மவுண்ட் செய்யவே செய்யாதீர்கள், டேட்டா கெட்டுவிடும். முடிவில் எல்எஸ்பிஎல்கே -எஃப் பட்டியலில் எந்த யூயூஐடியும் இருமுறை வரக் கூடாது. பழைய டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் இந்தக் கணக்கில் சேரும்.

பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாமல் குரூட்

லைவ் பென்டிரைவிலிருந்து டிஸ்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைவதுதான் குரூட். பூட் தனி பார்ட்டிஷனாக இருந்தால், முதலில் ரூட், அடுத்து பூட், அதன்பின் இஎஃப்ஐ என்று மவுண்ட் செய்யுங்கள். தவறினால் கிரப் ஃபைல்கள் ரூட்டில் உள்ள வெற்று பூட் ஃபோல்டரில் போய் விழும். கிரப்போ பழைய பார்ட்டிஷனையே படித்துக்கொண்டிருக்கும்.

ஹெச்டி0-வை நம்புவது

ஹெச்டி0 என்பது டிஸ்குக்கு கிரப் வைக்கும் பெயர். பென்டிரைவ் செருகினால் அந்த எண் மாறலாம். கையால் எழுதாதீர்கள்.

பயாஸ் மெஷினில் எஸ்டிஏ1-இல் கிரப் போடுவது

எஸ்டிஏ1 ஒரு பார்ட்டிஷன், எஸ்டிஏ முழு டிஸ்க். எஸ்டிஏ என்று மட்டும் கொடுங்கள், எண் வேண்டாம்.

ரெஸ்க்யூவில் தப்பித்ததோடு விடுவது

மெனு வராமல் கிரப் நின்றுவிடும் ரெஸ்க்யூ பிராம்ப்டில் எல்எஸ் அடித்து பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, ரூட்டும் பிரிஃபிக்ஸும் செட் செய்து, நார்மல் மாட்யூலை ஏற்றி, நார்மல் என்று அடித்தால் மெனு வரும். அந்த செட்டிங் ரேமில் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே போனதும் கிரப்-இன்ஸ்டாலையும் அப்டேட்-கிரப்பையும் ஓட்டி, ஒருமுறை முழுதாக ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தபிறகே மெஷினைக் கொடுங்கள்.