முகப்பில் கல் ஒட்டுவதற்கு முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது வீட்டைப் புதுப்பிப்பது என்றாலே முகப்பில் கல்லோ எலிவேஷன் டைல்ஸோ ஒட்டுவதுதான். புது வீடென்றால் சரி. பெரிய தவறு நடப்பது பழைய வீடுகளில்.

பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் அந்த வழி அடைபடும். ஓதம் இன்னும் உயரே ஏறும், வீட்டுக்குள் உப்புப் பூக்கும், காரை பொரிந்து உதிரும். சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்தரத்தின் நுனிகூட உளுத்துப்போகலாம். போதாததற்கு, பிடிமானத்துக்காகப் பழைய பூச்சையும் கொத்திவிடுவார்கள். திண்ணைத் தூணில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு இருந்தால் தயவுசெய்து அதில் உளி வைக்க விடாதீர்கள். அதை மறுபடி இழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. இந்தச் சுவர்களைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்த்து வெள்ளையடிப்பதுதான் நல்லது. கல் ஆசையைக் காம்பவுண்டுச் சுவரில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல்லை வெளிச்சுவரில் ஒட்டுவதும் வேண்டாம். அது தரைக்கான கல், நடக்க நடக்கத்தான் மினுங்கும். வெயிலும் மழையும் நேராக விழுந்தால் நிறம் மங்கிவிடும்.

புது வீட்டில் தவறுகள் வேறு. பெயிண்ட் அடித்த சுவரில் அப்படியே ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். மாடி உயரத்தில் கனமான கல்லைப் பசையை மட்டும் நம்பி விடக் கூடாது, ஸ்டீல் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். மேல் விளிம்பை மூடாமல் விட்டால் ஐப்பசி மழை கல்லுக்குப் பின்னால் இறங்கும். அடியிலும் மண்ணைத் தொடாமல் சில அங்குலம் விட்டு நிறுத்துங்கள்.

ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை) போடுபவர்கள் உள்ளே இருப்பது என்ன என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்றால் தீப்பிடிக்கும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீ வேகமாகப் பரவியது இவ்வகை ஷீட்டால்தான். தீ தாங்கும் ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகக் கேட்டால், சாரம் பிரிப்பதற்கு முன்பே கழற்றி ஒட்டச் சொல்லிவிடுங்கள்.