மாடிவீட்டுக்குச் சின்ன நாய்: மட்டக்களப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து குடியேறுகிறவர்களில் பலருக்கு வளவு உள்ள வீடு வாய்ப்பதில்லை. கல்லடியோ கோட்டைமுனையோ, கீழே வீட்டுக்காரர் அல்லது ஒரு கடை, மேலே இரண்டு அறையும் சின்ன பல்கனியுமாக வாடகை வீடு. பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்கிறார்கள். சின்ன சாதியாகப் பார்த்து ஒன்று எடுப்போம் என்று முடிவாகிறது. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவதும், சொந்தக்காரர் ஊருக்குப் போனால் பொறுப்பெடுத்துப் பார்ப்பதும் என் தொழில். புதிதாக வருகிறவர்கள் விடுகிற பிழைகள், நாங்கள் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகள்தான். தடுப்பூசி போடுங்கள், கோழி எலும்பு கொடுக்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் குட்டியைத் தெரிவு செய்கிற இடத்தில் நடக்கிறதைச் சொல்கிறேன்.

அளவை மட்டும் பார்ப்பது

சின்ன நாய்க்குச் சின்ன இடம் போதும் என்பது பாதி உண்மை. ஜக் ரசல் கையில் தூக்குகிற அளவுதான். ஆனால் அது இங்கிலாந்தில் நரி வேட்டைக்காக உருவாக்கிய சாதி. குதிரையோடு ஓடி, வளைக்குள் புகுந்து நரியைக் கிளப்புகிற வேலை. அதை இரண்டு அறைக்குள் பூட்டி வைத்தால் சோபா செட்டியின் பஞ்சு மிஞ்சாது. டாஷன்ட்டும் ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த நாய். அதற்கு ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, முதுகுதான் பிரச்சினை. நீள முதுகு, குட்டைக் கால், முள்ளந்தண்டு வட்டுகள் சீக்கிரம் பழுதாகும். தினமும் மாடிப்படி ஏறி இறங்குவதும் கட்டிலில் இருந்து டைல்ஸ் தரையில் குதிப்பதும் அதற்கு ஆகாது. டாஷன்ட் எடுத்தால் படியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உங்களால் முடியாவிட்டால் வேறு சாதி பாருங்கள்.

கச்சான் காற்றடிக்கிற ஊருக்குச் சப்பை மூக்கு நாய்

இதைத்தான் நான் நின்று சொல்ல வேண்டும். எத்தனை வருடமாகச் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் இது.

பக், பெக்கினீஸ், பிரெஞ்ச் புல்டோக், ஓரளவுக்கு ஷிட்சு. முகம் தட்டையாக, கண் பெரிதாக, பார்த்தவுடன் தூக்கத் தோன்றும். கொழும்பில் விற்கிறவர் சொல்வார்: "இது சோம்பேறி நாய், ஓட்டம் தேவையில்லை, பிளாட்டுக்கென்றே படைச்சது." ஓட்டம் தேவையில்லை என்பது சரி. ஏன் ஓடுவதில்லை என்று அவர் சொல்ல மாட்டார். அதற்கு மூச்சு போதாது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிராக்கப் போதாது. அது சூட்டை வெளியேற்றுவது மூக்காலும் வாயாலும்தான். ஈரமான மூக்குக் குழாய்க்குள்ளும் நாக்கின் மேலும் காற்று வேகமாகப் போய்வர, ஈரம் ஆவியாகி இரத்தம் குளிரும். சப்பை மூக்கு நாய்களில் எலும்பைக் குறுக்கிவிட்டார்கள், உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துவாரம் கீறல் போல ஒடுங்கியிருக்கும். அண்ணத்தின் மென்சதை நீண்டு தொண்டையை அடைக்கும். சூடு ஏறினால் நாய் வேகமாக மூச்சு இளைக்கும். இளைப்பதே ஒரு வேலை, அதுவே இன்னும் சூட்டைக் கூட்டும். தொண்டை வீங்கி வழி இன்னும் ஒடுங்கும்.

நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவுதான்.

இப்போது நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி பிறந்தால் கச்சான். மலைநாட்டைத் தாண்டி இறங்குகிற வறட்டுச் சூட்டுக் காற்று, பகல் முழுக்க அடிக்கும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; காற்று விழுந்த இரவுகளில் புழுக்கம் பிடித்துக்கொள்ளும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கில் இருக்கிற ஈரம் ஆவியாகாது, நாய் எவ்வளவு இளைத்தாலும் பயன் குறைவு. அதற்கு மேல் நீங்கள் இருப்பது மேல்மாடியில். கொங்கிறீட் தட்டு பகலில் குடித்த சூட்டை இரவு முழுக்க அறைக்குள் இறக்கும். கீழ்வீட்டுச் சீமெந்துத் தரையில் படுக்கிற நாய்க்குக் கிடைக்கிற குளிர்ச்சி மேலே கிடையாது.

"ஏசி இருக்குத்தானே அண்ணன்" என்பார்கள். கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்கள். அவ்வளவு வேண்டாம், மத்தியானம் இரண்டு மணித்தியாலம் போனாலே போதும். அந்த நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டு பேரும் அலுவலகம் போகிற ஒரு குடும்பம். ஆனி மாதம் ஒரு பக் குட்டி வாங்கி வந்தார்கள். முதல் கிழமையே அது குறட்டை விடுகிற வீடியோவை எனக்கு அனுப்பினார்கள், சிரிப்புப் படங்களோடு. "தங்கச்சி, இது சிரிக்கிற விஷயம் இல்லை, மூக்கை மிருக வைத்தியரிடம் காட்டுங்க" என்று எழுதினேன். விற்றவர் இது இந்தச் சாதியின் இயல்பு என்று சொன்னாராம், காட்டவில்லை. அடுத்த வருடக் கச்சானில் ஒரு நாள் பகல் கரண்ட் போனது. கீழ்வீட்டு அம்மா மேலே கேட்ட சத்தத்துக்குப் பயந்து எனக்கு அழைத்தார். போய்ப் பார்த்தால் குளியலறைத் தரையில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடக்கிறது. நாக்கு கத்தரிப்பூ நிறம். எச்சில் பசை மாதிரி வாயோரத்தில் தொங்குகிறது. மூச்சு இழுக்கிற சத்தம் அரம் போட்டு ராவுகிற மாதிரி. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தது. சத்திரசிகிச்சை செய்து மூக்குத் துவாரத்தைப் பெருப்பித்து அண்ணச் சதையைக் குறைக்க வேண்டும் என்றார் வைத்தியர். அதற்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போனார்கள். மூச்சுக்குத் தவிக்கிற ஒரு நாயோடு செங்கலடி, மகாஓயா, மகியங்கனை, பதினெட்டு வளைவு என்று போய் வருகிற பயணத்தை நினைத்துப் பாருங்கள். குட்டி வாங்கிய காசைப் போல எத்தனையோ மடங்கு செலவு. கடைசியில் குளிரான மலைநாட்டில், பண்டாரவளையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு நாயை அனுப்பினார்கள். அங்கே அது நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் அழுதார்கள்.

அந்தக் குடும்பத்தில் எனக்குக் கோபமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மூச்சுத் திணறலை அழகு என்று விற்கிறவர்களில்தான் கோபம்.

எல்லாம் கேட்ட பிறகும் ஷிட்சுதான் வேண்டும் என்றால், குட்டியின் மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா, கோடு போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். தாய் நாயை மத்தியான வெயில் நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். சும்மா படுத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் மூச்சு விட வேண்டும். காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால்: மெலிவாக வையுங்கள், கொழுப்பு ஏறினால் மூச்சு இன்னும் அடைக்கும். கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சுப் பட்டி போடுங்கள். நடை விடிய முன்னம், அல்லது கடற்கரை மணல் ஆறிய பிறகு. நாக்கு நிறம் மாறினால் முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள். ஈரத் துவாயால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வாய்க்குள் பலவந்தமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெள்ளையாகப் புசுபுசுவென்று இருந்தால் பொமரேனியன் என்று நம்புவது

உண்மையான பொமரேனியன் வளர்ந்தாலும் மூன்று கிலோவுக்குக் கிட்டத்தான். இங்கே அந்தப் பெயரில் கை மாறுகிறவற்றில் பல ஸ்பிட்ஸ் கலப்பு. அவை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வளரும். இரண்டு மாதக் குட்டியில் வித்தியாசம் தெரியாது. தாயைப் பார்த்தால் தெரியும். கலப்பு நாய் குறைந்த நாய் இல்லை, ஆனால் எவ்வளவு வளரும் என்று தெரிந்து எடுங்கள். இரண்டுமே குரைக்கும். படியில் ஆள் ஏறினால் குரைக்கும், கீழே கேற் திறந்தால் குரைக்கும். சின்ன நாய் சத்தம் போடாது என்று யார் சொன்னார்களோ தெரியாது.

சூட்டுக்கு மொட்டை அடிக்கலாம் என்று நீள்முடி நாய் எடுப்பது

கச்சான் தொடங்கினால் என்னிடம் வருகிற முதல் வேண்டுகோள் இது. ஷிட்சுவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கிற வகை, கட்டையாக வெட்டலாம். வெட்டாமல் விட்டால்தான் சடை பிடித்துத் தோல் புண்ணாகும். பொமரேனியன், ஸ்பிட்ஸ் இரண்டுக்கும் அடிமுடியும் மேல்முடியுமாக இரட்டை அடுக்கு. ஒட்ட வழித்தால் சிலவற்றில் மேல்முடி பழையபடி வராது, திட்டுத் திட்டாக நிற்கும், வெயில் நேரே தோலில் படும். அந்த நாய்களுக்கு நான் மெஷின் வைப்பதில்லை. அடிமுடியைச் சீவி எடுத்துவிடுவேன். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சீவப் பொறுமை இல்லாதவர்கள் குட்டை முடி நாயாக எடுங்கள்.

ஆறு வாரக் குட்டி

வேண்டாம். எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் பிறகு சொல்லலாம் என்பது

முதலில் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

மாடிக்கு உண்ணி ஏறாது என்பது

ஏறும். உண்ணிக் காய்ச்சல் சின்ன நாயையும் கொல்லும்.

படிக்கட்டைப் பகிர்கிறவர்களை மறப்பது

நம் பக்கத்தில் மேல்வீட்டில் தமிழரும் கீழ்வீட்டில் முஸ்லிம்களுமாக இருப்பது சாதாரணம். நாயின் எச்சில் பட்ட இடத்தை அவர்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். தொழுகைக்குப் புறப்பட்டு வருகிறவரின் உடுப்பில் உங்கள் நாய் பாய்ந்தால் அவர் திரும்பிப் போய்த்தான் வர வேண்டும். பொதுப் படியில் நாயைத் தூக்கிக்கொண்டு போங்கள். தூக்க முடியாத அளவு நாயை மாடிக்கு எடுக்காதீர்கள். இதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் கீழ்வீட்டாரோடு ஒரு பிரச்சினையும் வந்து நான் பார்க்கவில்லை.

ஊர் நாயைக் கணக்கில் எடுக்காதது

நீள மூக்கு, குட்டை முடி, இந்த வெயிலிலேயே பரம்பரை பரம்பரையாகப் பிழைத்த உடம்பு. சந்தையடியில் கட்டாக்காலியாகத் திரிகிறவற்றில் சிறிய உடல்வாகுள்ள பெண் நாய்கள் எத்தனையோ உண்டு. குட்டியாக எடுத்தால் வளர்ந்த அளவு தெரியாது. ஒரு வயது தாண்டியதை எடுத்தால் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, குணமும் தெரியும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் விசர்நாய் நோய்த் தடுப்பூசி போட்டு, உண்ணிக்கு மருந்து கொடுத்து, கருத்தடையும் செய்துவிடுங்கள். மாடிப்படிக்குப் பழக இரண்டு கிழமை ஆகும். பல்கனிக் கம்பி இடைவெளிக்கு வலை அடிக்க மறக்காதீர்கள். அது எந்தச் சாதிக்கும் வேண்டும்.