வைப்ரேஷன் பிளேட்டில் விறைத்து நிற்காதீர்கள்

ஜிம்மில் அந்த வைப்ரேஷன் பிளேட், அதாவது ஏறி நின்றால் உடம்பைக் குலுக்கும் அதிர்வுப் பலகை, இருக்கும் மூலையில் பெரும்பாலும் ஒருவர் நிற்பார். முழங்கால் இரண்டும் கம்பு மாதிரி நேராக, ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கையில் போன். கன்னம் குலுங்கும், பல் கிடுகிடுக்கும். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அவருக்குத் திருப்தி. வேலை நடப்பது தலையில், தொடையில் அல்ல.

பலகை, வகையைப் பொறுத்து, விநாடிக்கு ஏறக்குறைய 5 முதல் 50 தடவை வரை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் தசை துளியளவு இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதை முதுகுத்தண்டுக்குச் சொல்ல, பதிலுக்குத் தசை சுருங்குகிறது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதைக்குமே, ஏறக்குறைய அதே கதைதான். இந்த அனிச்சைச் செயல் நன்றாக நடக்க, தசை ஏற்கெனவே கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும். கால் விறைத்து நின்றால் எலும்பு வழியாக அதிர்வு நேரே மேலே ஏறிவிடும். முழங்காலை மடக்கித் தொடையில் கை வைத்துப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் சரி. தலை இன்னும் ஆடுகிறதா, இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். குதிகாலை லேசாகத் தூக்கினால் கெண்டைக்காலுக்கும் வேலை கிடைக்கும்.

அடுத்தது, எண்ணைக் கூட்டும் ஆசை. வீச்சை (பலகை நடுநிலையிலிருந்து நகரும் தூரத்தை) மாற்றாமல் 15 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 15 தடவையை, 30 ஆக்கினால் உடம்பு வாங்கும் முடுக்கம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 2 மி.மீ. வீச்சில் 30 ஹெர்ட்ஸ் என்றால் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு! சீசா மாதிரி இரு பக்கமும் மாறி மாறி ஆடும் பலகையில் பாதங்களை அகட்டி வைத்தாலே வீச்சு கூடிவிடும். பட்டனைத் தொடவே வேண்டாம்.

விளம்பரங்களில் வரும் இ.எம்.ஜி. வரைபடத்தையும் (தசையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது) அப்படியே நம்ப வேண்டாம். தோலில் ஒட்டிய மின்முனையும் வயரும் பலகையோடு சேர்ந்து ஆடும். அந்த ஆட்டமும் தசையின் மின்சாரம் போலவே பதிவாகும். அதை வடிகட்டாத வரைபடம் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் காட்டும். பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேர உடற்பயிற்சிக்குச் சமம் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. எடை தூக்குவதற்கு இது மாற்று இல்லை.

அப்புறம், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்த உறைவு அல்லது சமீபத்திய எலும்பு முறிவு உள்ளவர்கள், கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் ஏறவே கூடாது. ஜிம் பயிற்சியாளர் 'ஒண்ணும் ஆகாது சார்' என்றாலும்கூட.